காயம் சிறிது, ரத்தம் நிற்காது!

அரிவாள்மணையில் காய் நறுக்கும்பொழுது சில சமயம் விரல் அறுபட்டு விடுகிறது. ரத்தம் வருகிறது. விரலை அழுத்திப் பிடிக்கிறோம். சில நிமிஷங்களில் ரத்தம் நின்று விடுகிறது. மறுபடியும் வேலையைப் பார்க்கப் போய் விடுகிறோம்.

ரத்தம் எப்படி நின்றது என்று நாம் நினைத்துப் பார்ப்பது இல்லை.

ஆனால், அதையே நினைத்துக் கவலைப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் பிறக்கும் சில ஆண் குழந்தைகளுக்கு ரத்தம் எளிதில் நிற்பது இல்லை. மணிக்கணக்கில் கசிகிறது. சிலருக்கு நாள்கணக்கிலும் கசிகிறது.

இந்த நோய்க்கு "ஹீமோபிலியா" என்று பெயர்.

பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இது வருகிறது. பணக்காரர், ஏழை என்ற வேற்றுமை இதற்கு இல்லை. கடலூர் முதுநகரிலும் வரும். லண்டன் அரண்மனையிலும் வரும். வந்தும் இருக்கிறது!

ரத்தம் எப்படி உறைகிறது?

ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்ததும், ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஓடி வந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இது முதல் அடைப்பு. ஆனால் இது பலம் இல்லாத அடைப்பு. ஏரிக் கரை உடையும்பொழுது அவசரத்துக்குக் கொட்டும் மண்ணைப்போல!

அந்த மண் கரையாமல் இருக்க, மேலே வலை போட்டு இறுக்க வேண்டும் அல்லவா? அந்த வலையைப் பின்னுவதற்கு ரத்தத்தில் பல பொருள்கள் இருக்கின்றன. அவற்றை டாக்டர்கள் "பாக்டர்" என்று சொல்லுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும். அது அதற்கு அடுத்ததை எழுப்பும். கடைசியில் வலை தயாராகிவிடும். ரத்தம் நின்றுவிடும்.

இந்த வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டால்?

வலை சரியாகப் பின்னப்படாது. ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

8-வது பாக்டர் குறைவாக இருந்தால் அது "ஹீமோபிலியா ஏ". 9-வது பாக்டர் குறைவாக இருந்தால் அது "ஹீமோபிலியா பி". பெரும்பாலோருக்கு வருவது "ஏ" வகைதான்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் மற்றவர்களைவிட வேகமாகக் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரத்தம் அதே வேகத்தில்தான் வரும். ஆனால் நீண்ட நேரம் வரும். முள் குத்தினால் உயிர் போய்விடும் என்பதும் சரி அல்ல. சிறு கீறல்களை அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

உண்மையான ஆபத்து வெளியே தெரியும் காயத்தில் இல்லை. உடம்புக்கு உள்ளே இருக்கிறது.

மூட்டுக்குள் ரத்தம்

ஹீமோபிலியா கடுமையாக உள்ளவருக்குக் காயம் படாமலே உள்ளே ரத்தம் கசியும். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளில்தான் அதிகமாகக் கசியும்.

முதலில் மூட்டில் ஒருவிதமான குறுகுறுப்பும் சூடும் தெரியும். பிறகு வீக்கம். பிறகு தாங்க முடியாத வலி. காலை நீட்ட முடியாது. சில நாள்களில் வீக்கம் வடிந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று வீட்டார் நினைப்பார்கள்.

சரியாகவில்லை! ஒரே மூட்டில் மீண்டும் மீண்டும் ரத்தம் கசிந்தால், மூட்டின் உள்பக்கம் அரிக்கப்பட்டுவிடும். நாளடைவில் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். பதினைந்து வயதுப் பையன் கிழவரைப்போல நொண்டி நடப்பான்.

இது விதி அல்ல. சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் தடுக்கக்கூடியது. இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குழந்தை தவழத் தொடங்கும்பொழுதுதான் பெரும்பாலும் நோய் வெளியே தெரியும். உடம்பில் அங்கங்கே நீலம் பாரித்த தழும்புகள் இருக்கும். தொட்டால் கட்டியாக இருக்கும். "பிள்ளையை யார் அடித்தது?" என்று பாட்டி கேட்பாள். யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

தடுப்பு ஊசி போட்ட இடம் பெரிதாக வீங்கும். விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டால் இரவு முழுவதும் ரத்தம் கசியும். பால் பல் விழுந்தால் தலையணை நனையும்.

இப்படி இருந்தால் மந்திரிக்கப் போக வேண்டாம். வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவி விடவும் கூடாது. உருவினால் உள்ளே இன்னும் அதிகமாக ரத்தம் கசியும்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் சோதிப்பார்கள். பிறகு எந்தப் பாக்டர் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். 100-க்கு ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் கடுமையான நோய். ஒன்று முதல் 5 வரை இருந்தால் நடுத்தரம். அதற்கு மேல் 40 வரை இருந்தால் லேசானது. லேசாக உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும்பொழுதோ, ஆபரேஷன் செய்யும்பொழுதோதான் நோய் இருப்பதே தெரியவரும்.

அரண்மனையில் புகுந்த நோய்

இங்கிலாந்தை ஆண்ட விக்டோரியா மகாராணிக்கு 9 பிள்ளைகள். அவர்களில் லியோபோல்டு என்ற இளவரசருக்கு இந்த நோய் இருந்தது. 1884-ம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டில் அவர் தடுக்கி விழுந்தார். அந்த அடியே அவருடைய உயிரைக் குடித்தது. அப்பொழுது அவருக்கு வயது 30.

மகாராணியின் பெண்கள் வழியாக நோய் மற்ற அரண்மனைகளுக்கும் போயிற்று. பேத்தி அலெக்சாண்டிரா, ரஷியச் சக்கரவர்த்தி ஜார் நிக்கலசை மணந்தார். 1904-ல் அவர்களுக்கு அலெக்சி என்ற மகன் பிறந்தான். பட்டத்துக்கு உரிய அந்தப் பிள்ளைக்கும் ரத்தம் நிற்கவில்லை.

தாய் மனம் தவித்தது. டாக்டர்களால் முடியவில்லை. அப்பொழுதுதான் ரஸ்புடீன் என்ற சாமியார் அரண்மனைக்குள் நுழைந்தார். தன் மகனைக் காப்பாற்றக் கூடியவர் அவரே என்று ராணி நம்பினார். அந்த நம்பிக்கை, ஜார் ஆட்சியின் மீது மக்களுக்கு இருந்த வெறுப்பை இன்னும் வளர்த்தது. 1918-ல் ஜார் குடும்பமே சுட்டுக் கொல்லப்பட்டது.

அந்தக் குடும்பத்தின் எலும்புகளை விஞ்ஞானிகள் பிற்பாடு ஆராய்ந்தார்கள். அலெக்சிக்கு இருந்தது "பி" வகை ஹீமோபிலியா என்று 2009-ம் ஆண்டு தெரியவந்தது.

தாய் மீது பழி போடலாமா?

"எங்கள் வம்சத்தில் இந்த நோய் கிடையாது. மருமகள் கொண்டுவந்தது!" என்று சொல்லும் மாமியார்கள் உண்டு. இந்த ஒரு சொல்லால் எத்தனையோ பெண்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

உண்மை என்ன?

உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் "குரோமோசோம்" என்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. பெண்ணுக்கு "எக்ஸ்" என்ற இழை இரண்டு. ஆணுக்கு "எக்ஸ்" ஒன்று, "ஒய்" ஒன்று. 8-வது, 9-வது பாக்டர்களைச் செய்வதற்கான குறிப்பு "எக்ஸ்" இழையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பெண்ணுக்கு ஓர் "எக்ஸ்" பழுதாக இருந்தாலும் இன்னொன்று கைகொடுக்கிறது. ஆதலால் அவளுக்குப் பெரும்பாலும் நோய் தெரிவது இல்லை. அவள் நோயைச் சுமப்பவள். ஆணுக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. அது பழுதானால் நோய்தான்.

நோயைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வரலாம், வராமலும் இருக்கலாம். காசைச் சுண்டிப் போட்டால் பூவா தலையா என்பது போலத்தான். பெண் குழந்தையும் அப்படியே: பாதி வாய்ப்பு, அவளும் தாயைப்போலச் சுமப்பவள் ஆவதற்கு.

நோய் உள்ள ஆண், நோயைச் சுமக்காத பெண்ணை மணந்தால், அவருடைய மகன்களுக்கு நோய் வராது. ஆனால் அவருடைய மகள்கள் எல்லாரும் நோயைச் சுமப்பார்கள். ஆக, பழுது தாய் வழியில் வருவதுபோலத் தந்தை வழியிலும் வருகிறது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் அதற்கு முன்பு யாருக்குமே இந்த நோய் இருந்தது இல்லை. புதிதாகவே பழுது உண்டாகிவிடுகிறது. இதில் யாரை எப்படிக் குற்றம் சொல்வது? நிறத்தையும் உயரத்தையும் யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இல்லை. இதுவும் அப்படித்தான்.

மாமன் மகளா? அக்காள் மகளா?

நம் நாட்டில் சொந்தத்திலே பெண் எடுப்பது வழக்கம். அதனால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஹீமோபிலியா உள்ள ஒருவர் தன் அக்காள் மகளை மணக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அக்காள், தன் தாயிடமிருந்து பழுதைப் பெற்றிருக்கலாம். அவளிடமிருந்து மகளும் பெற்றிருக்கலாம். அப்படியானால், பிறக்கும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு நோய் வரலாம். அது மட்டும் அல்ல. பெண் குழந்தைகளில் பாதிப் பேருக்கும் முழு நோயே வந்துவிடலாம்!

தாய்மாமனுக்கும் நோய் இருந்தால், அவருடைய மகள் நிச்சயமாக நோயைச் சுமப்பவள். ஹீமோபிலியா உள்ள மருமகன் அந்த மாமன் மகளை மணந்தாலும் இதே ஆபத்துதான்.

வேறு சில ரத்தக் கசிவு நோய்களும் உண்டு. 7, 10, 13 ஆகிய பாக்டர்கள் குறைவதால் வருபவை அவை. தாய், தந்தை இருவரிடமும் பழுது இருந்தால் அவை வரும். ரத்த உறவில் மணம் செய்யும்பொழுது அப்படி இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தையின் தொப்புள்கொடி விழுந்த பிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 13-வது பாக்டர் குறைவின் அடையாளமாக அது இருக்கலாம்.

ஜாதகம் பார்க்கும் வீட்டார், ரத்தமும் பார்த்துக்கொண்டால் என்ன?

பெண்களுக்கும் உண்டு

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆலந்துத் தீவில் ஒரு குடும்பம் இருந்தது. ஆண், பெண் இருபாலாருக்கும் அந்தக் குடும்பத்தில் ரத்தம் நிற்கவில்லை. அதை ஆராய்ந்து 1926-ம் ஆண்டு எழுதியவர் எரிக் வான் வில்லிபிராண்டு என்ற டாக்டர். அவர் பார்த்த சிறுமி, பெரியவள் ஆன சில மாதங்களிலேயே, மாதவிலக்கின் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள்.

இன்று அந்த நோய்க்கு அந்த டாக்டரின் பெயரே வழங்குகிறது. ஹீமோபிலியாவைவிட இது அதிகம் பேருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு லேசாகவே இருக்கும்.

மாதவிலக்கு 7 நாளுக்கு மேல் நீடிப்பது, மணிக்கு ஒரு முறை துணி மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாக ரத்தம் போவது, அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வருவது: இவை இருந்தால் "பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. ரத்தச் சோகையாலே மெலிந்து போகும் பெண்ணைத் தாய்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

ஹீமோபிலியாவைச் சுமக்கும் பெண்களிலும் சிலருக்குப் பாக்டர் குறைவாக இருக்கும். கர்ப்பம் ஆனதும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் நடப்பதே நல்லது. ஆயுதம் போட்டு இழுத்தால் குழந்தையின் தலைக்குள் ரத்தம் கசியக் கூடும்.

மருந்து வந்த கதை

முன்பெல்லாம் பிறருடைய ரத்தத்தை ஏற்றுவது ஒன்றே வழி. ஆனால் ஒரு பாட்டில் ரத்தத்தில் வேண்டிய பாக்டர் மிகக் குறைவு.

அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற பெண் விஞ்ஞானி ஒரு விஷயத்தைக் கவனித்தார். உறையவைத்த பிளாஸ்மாவை மெதுவாக இளகவிட்டால், அடியில் ஒரு வண்டல் தங்கியது. அந்த வண்டலில்தான் 8-வது பாக்டர் நிறைய இருந்தது! 1960-களின் நடுவில் வந்த இந்தக் கண்டுபிடிப்பு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றியது. சாதாரண ரத்த வங்கியிலேயே இதைத் தயாரிக்க முடியும்.

பிறகு பாக்டரைப் பொடியாக்கிச் சிறு குப்பிகளில் அடைத்தார்கள். ஆனால் அதில் ஒரு விபரீதம் நேர்ந்தது. பல்லாயிரம் பேருடைய ரத்தத்தைக் கலந்து மருந்து செய்ததால், 1980-களில் எய்ட்ஸ் கிருமியும் அதில் கலந்துவிட்டது. உலகம் எங்கும் ஆயிரக்கணக்கான ஹீமோபிலியா நோயாளிகள் அதனால் இறந்தார்கள். "பி" வகை நோய்க்குத் தன் பெயரையே தந்த ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்பவரும் அப்படித்தான் 1993-ல் மாண்டார்.

இன்று வரும் மருந்துகளில் கிருமிகளை அழித்துவிடுகிறார்கள். மனித ரத்தமே இல்லாமல் தயாரிக்கும் பாக்டரும் வந்துவிட்டது. "ஏ" வகைக்கு "எமிசிசுமாப்" என்ற புதிய மருந்தும் உண்டு. அதை நரம்பில் ஏற்ற வேண்டியது இல்லை. தோலுக்கு அடியில் ஊசியாகப் போடலாம். வாரத்துக்கு ஒரு முறையோ, மாதத்துக்கு ஒரு முறையோ போட்டால் ரத்தக் கசிவு வெகுவாகக் குறைகிறது.

வேலூரில் ஒரு சாதனை

இந்த நோயை அடியோடு தீர்க்க முடியாதா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் அவருடைய குழுவினரும் அதற்கு ஒரு வழி தேடினார்கள். நோயாளியின் உடம்பிலிருந்தே ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை எடுத்தார்கள். 8-வது பாக்டரைச் செய்யும் நல்ல குறிப்பை அவற்றுக்குள் புகுத்தினார்கள். பிறகு அவற்றை அவருடைய உடம்பிலேயே செலுத்தினார்கள்.

கடுமையான நோய் உள்ள 5 பேருக்கு இது செய்யப்பட்டது. சிகிச்சைக்குப் பிறகு கவனித்துவந்த காலத்தில், ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட ரத்தக் கசிவு ஏற்படவில்லை! 2024 டிசம்பரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகை இதை வெளியிட்டது.

இது இன்னும் சோதனை நிலையில் இருக்கும் சிகிச்சை. எல்லாருக்கும் கிடைக்க நாள் ஆகும். ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

கடலூர் மாவட்டத்தில்...

அதுவரை என்ன செய்வது?

பாக்டர் மருந்தின் விலை அதிகம். ஆனால் தமிழக அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகள் மூலம் அதை இலவசமாக வழங்கி வருகிறது. கடலூரில் அரசுத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா பெயரில் 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, இப்பொழுது அரசு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. கடலூருக்கு வடக்கே பஸ்ஸில் போனால் புதுச்சேரி ஜிப்மர். வேலூருக்கு, விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக ரயில் பாதை உண்டு.

மூட்டு வீங்கிய பிறகு "எங்கே மருந்து கிடைக்கும்?" என்று அலையக் கூடாது. முன்பாகவே பெயரைப் பதிவு செய்து, மருந்து எங்கே இருக்கிறது, இரவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நோயின் பெயர், பாக்டர் அளவு, ரத்தப் பிரிவு எழுதிய அட்டை எப்பொழுதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இது புயல் அடிக்கும் மாவட்டம். 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டதையும், மின்சாரம் இல்லாமல் பல ஊர்கள் இருண்டு கிடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால், ஹீமோபிலியா பிள்ளை உள்ள வீட்டார் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியவை

ரத்தம் கசிகிறது என்று சந்தேகம் வந்ததும் பாக்டர் போட வேண்டும். வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி போகும்வரை மூட்டை அசைக்காமல், உயர்த்தி வைக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை விட்டு விட்டு வைக்கலாம்.

தலையில் அடிபட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. பிள்ளை சிரித்து விளையாடினாலும் சரி, உடனே கொண்டுபோக வேண்டும்.

காலையும் இரவும் மெல்லிய பிரஷால் பல் துலக்க வேண்டும். பல்லில் சொத்தை விழாவிட்டால் பல் பிடுங்க வேண்டிய அவசியம் வராது.

தடுப்பு ஊசிகளை விடக் கூடாது. மெல்லிய ஊசியால் தோலுக்கு அடியில் போடச் சொல்லி, போட்ட இடத்தைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

உடற்பயிற்சி வேண்டும். தசை பலமாக இருந்தால் மூட்டைத் தாங்கும். நீச்சல் மிகவும் நல்லது.

செய்யக் கூடாதவை

ஆஸ்பிரின் கூடாது. வலிக்கு விற்கும் மாத்திரைகளில் பல ரத்தக் கசிவை அதிகமாக்கும். பாரசிட்டமால் தவிர வேறு எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

காது குத்துதல், சுன்னத்து, பல் பிடுங்குதல், ஆபரேஷன் எதுவாக இருந்தாலும், பாக்டர் போடாமல் செய்யக் கூடாது. அலகு குத்திக்கொள்ளும் வேண்டுதல் வேண்டாம். ஆண்டவன் வேறு காணிக்கையை ஏற்றுக்கொள்வான்.

பள்ளிக்கு அனுப்புங்கள்!

ஹீமோபிலியா உள்ள பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பது பெரிய தவறு. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டவோ, பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கவோ அவனால் முடியாது. உடம்பு உழைப்பைவிட படிப்புத்தான் அவனுக்குச் சோறு போடும். ஆதலால் மற்றப் பிள்ளைகளைவிட அவனுக்குப் பள்ளிக்கூடம் அதிக அவசியம்.

வாத்தியாரிடம் நோயைச் சொல்லிவிட வேண்டும். மறைப்பதால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. இது தொற்றுநோய் அல்ல என்பதை வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும். தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

2016-ம் ஆண்டு நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஹீமோபிலியாவும் அதில் ஒன்று. அதற்கான அட்டையை வாங்கி வைத்துக்கொண்டால் சலுகைகளைக் கேட்டுப் பெற வழி உண்டு.

இந்த நோயுடன் பிறந்தவர் பிராங்க் ஷ்னாபெல். கனடாவில் வியாபாரம் செய்து வந்த அவர், 1963-ம் ஆண்டு உலக ஹீமோபிலியா சம்மேளனத்தை உண்டாக்கினார். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 17-ந் தேதி இன்று உலக ஹீமோபிலியா தினமாகக் கொண்டாடப்படுகிறது. தன் நோய்க்குப் பயந்து அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை.

முன்பு இந்தப் பிள்ளைகளில் பலர் வாலிபத்தைப் பார்க்கவே இல்லை. இன்று காலத்தில் மருந்து பெறுபவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பேரன் பேத்தி எடுக்கும் வயதுவரை வாழவும் முடிகிறது.

தழும்பைக் கண்டதும் தாயைத் திட்டுவதா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா? அந்த முடிவில்தான் ஒரு பிள்ளையின் கால் இருக்கிறது. சில சமயம் உயிரும் இருக்கிறது.